1952 எம்ஜி ரீடி திறந்த கார்: இப்படியே விற்கிறதா, திருத்திப்போட்டு விற்கிறதா?

வடமராட்சி_வெயில்

எல்லாருக்கும் வணக்கம். குடும்பத்துக்குச் சொந்தமான 1952 எம்ஜி ரீடி (MG TD, இங்கிலாந்தில செய்த பழைய திறந்த கார்) ஒண்டை விற்கவேணும். யாழ்ப்பாணம் கரவெட்டியில ஓட்டுக் கொட்டிலுக்கை நிக்குது, கனகாலமா றோட்டில ஏறேல்லை. நிலைமை இதுதான்: வலப்பக்க ஸ்டியரிங். எஞ்சின் ஒருத்தரும் கழட்டேல்லை, ஆனா சுத்துமோ தெரியாது. இரண்டு காபரேற்றரில ஒண்டைக் காணேல்லை. கூட் (மேல மடிச்சு விரிக்கிற கூரை) துணி உக்கிப்போச்சு, கம்பிச் சட்டம் இருக்கு. பக்கத் திரை நாலில இரண்டு மிச்சம். பிறேக் வேலை செய்யாது. இடப்பக்கக் கதவு தொங்குது, பலகையில கறையான் போன அடையாளம் தெரியுது. பதிவுப் புத்தகம் அப்பப்பாவின்ர பேரில, அவர் இப்ப இல்லை.

ஒரு கராச்சில "தட்டிப் பெயின்ற் அடிச்சா இரண்டு மடங்கு விலை போகும்" எண்டு சொல்லுகினம். ஒரு தரகர் "உள்ளபடி தாங்கோ, திறந்த பேப்பரில கையெழுத்துப் போட்டா இண்டைக்கே காசு" எண்டு நிக்கிறார். விசயம் தெரிஞ்சவை சொல்லுங்கோ.

இணுவில்_ஸ்பானர்

இரண்டுபேரையும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ தம்பி. பெயின்ற் அடிக்கவே வேண்டாம். ரீடி மொறிஸ் மைனர் மாதிரி முழுத் தகர உடம்பு இல்லை. கீழை பெட்டிவடிவ இரும்புச் சேஸி, அதுக்கு மேலை ஆஷ் மரத்தில ஒரு சட்டம், அந்தச் சட்டத்தில தகரத்தை ஆணியும் ஸ்குறூவும் அடிச்சுப் பிடிச்சிருக்கு. மரம் உக்கின காருக்கு மேலால புட்டி பூசிப் பெயின்ற் அடிச்சா ஆறு மாதத்தில மூட்டு மூட்டா வெடிக்கும். வாங்கிறவர் விசயம் தெரிஞ்சவரெண்டா புதுப் பெயின்றைக் கண்டவுடனேயே "கீழை என்னத்தை மறைச்சிருக்கினம்" எண்டுதான் யோசிப்பார். பழைய பெயின்றும் துருவும் வெளியில தெரியிற காரை அவர் நம்பிப் பார்ப்பார்.

முதல் வேலை இலக்கங்கள். சேஸி இலக்கம் இடப்பக்க முன் சேஸி நுனியில அடிச்சிருக்கும், ரீடி எண்ட எழுத்தோடை தொடங்கும். கம்பித் தூரிகையால தேய்க்காதேங்கோ, மண்ணெண்ணெய் நனைச்ச துணியால துடையுங்கோ. எஞ்சின் இலக்கம் எண்கோணப் பித்தளைத் தகட்டில, பிளாக்கின்ர இடப்பக்கம் பின்னுக்கு, கிளச் மூடிக்குக் கிட்ட இருக்கும், எக்ஸ்பிஏஜி (XPAG, இந்த எஞ்சின் வகையின்ர பேர்) எண்டு தொடங்கும். இந்த இரண்டும் புத்தகத்தோடை பொருந்தினா உங்கட காரின்ர பெறுமதியில பெரிய பங்கு அங்கையே நிலைச்சிடும். பொருந்தேல்லை எண்டா அதையும் விளம்பரத்தில எழுதவேணும்.

ஒண்டு சொல்லவேணும், இது சும்மா பழைய கார் இல்லை. 1949 கடைசியில இருந்து 1953 வரை மொத்தம் 29,664 ரீடிதான் இங்கிலாந்தில ஏபிங்டன் எம்ஜி தொழிற்சாலையில செய்தவை. அதில பெரும்பங்கு அமெரிக்காவுக்கு இடப்பக்க ஸ்டியரிங்கோடை போனது. முதலே வலப்பக்க ஸ்டியரிங்கோடை வந்து, பதிவும் அறாமல் நிக்கிற காரைத் தேடி வாங்கிற ஆக்கள் இருக்கினம்.

மானிப்பாய்_உளி

மரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன், ஏனெண்டா இந்தக் காரில வாங்கிறவரின்ர செலவு அங்கைதான் போகும்.

ரீடியின்ர கதவு பின்பக்கமாகப் பிணைச்சது, முன்பக்கமாத் திறக்கும். கதவின்ர முழுப் பாரமும் பின் தூணிலதான். கதவை அரைவாசி திறந்து, நுனியில பிடிச்சு மேலை தூக்கிப் பாருங்கோ. பிணைச்சலுக்குள்ளை மட்டும் ஆட்டம் எண்டா பிணைச்சல் ஊசி தேய்ஞ்சது, அது சின்ன வேலை. தூணே கதவோடை சேர்ந்து அசைஞ்சா தூணின்ர அடி உக்கிப்போச்சு.

பிறகு ஒரு மெல்லிய ஸ்குறூ டிறைவரால குத்திப் பாருங்கோ. நல்ல ஆஷ் மரத்தில நுனி மட்டும் இறங்கும், உக்கினதில சுகமா உள்ளை போகும். சேஸிக்கு மேலை படுக்கிற நீள அடிச்சட்டம் இரண்டு, பின் தூணின்ர அடி, பின் சக்கர வளைவு, பெற்றோல் ராங்குக்கு முன்னாலை வாற குறுக்குச்சட்டம், கூட் கம்பி பிடிக்கிற இடம், டாஷ்போட்டுக்குக் கீழை கால்பக்கப் பலகை. நிலப்பலகை வெறும் ஒட்டுப்பலகைதான், அது முழுக்கப் போனாலும் பெரிய கதை இல்லை. அடிச்சட்டத்தில கறையான் ஏறியிருந்தாத்தான் கவலைப்படவேணும். கறையான் உள்ளுக்குள்ள தின்னும், வெளித் தோல் முழுசா நிக்கும், அதால கண்ணை நம்பாமல் தட்டிச் சத்தத்தைக் கேளுங்கோ. மண்புற்றுக் கோடு இருந்தா முதல் காரை அந்த நிலத்திலயிருந்து எடுத்து, நாலு சக்கரத்துக்கும் கீழை சீமெந்துக் கல் வையுங்கோ. கொட்டிலில நிக்கும்வரை தீனி நிக்காது.

நீங்களே மரம் மாத்தவேண்டாம். ஆஷ் இஞ்சை கிடைக்காது. தேக்குப் போடலாம், ஆனா தேக்கில எண்ணெய்ப் பிடி இருக்கு, தின்னரால துடைச்சுப்போட்டு ஒட்டேல்லை எண்டா எபொக்சி பிடிக்காது. பனைமரம் சிலர் போடுகினம், பாரமும் கூட, ஸ்குறூ இறங்கேக்கை நார் வழியா வெடிக்கும். பழைய துண்டை எறியாதேங்கோ, எவ்வளவு உக்கினாலும் பரவாயில்லை, புதுத்துண்டு வெட்டிறதுக்கு அதுதான் அளவு. ஒவ்வொண்டிலும் "இடம் பின் கீழ்" எண்டு பென்சிலால எழுதிக் கட்டிவையுங்கோ.

பருத்தித்துறை_பெற்றோல்

பெயின்ற் வேண்டாம், மரம் தொடவேண்டாம், சரி. ஆனா எஞ்சினைச் சுழலப்பண்ணாமல் விற்கிறதை நான் ஏற்கமாட்டன். "எஞ்சின் இறுகிப்போச்சோ தெரியாது" எண்ட ஒரு வசனம் விலையை அரைவாசியாக்கிப்போடும். வாங்கிறவர் எப்பவும் ஆகக் கெட்டதையே கணக்குப் பண்ணுவார்.

செய்யவேண்டியது இது. ஸ்ராட்டரைத் தொடாதேங்கோ, பற்றறி போடவேண்டாம். நாலு பிளக்கும் கழட்டி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளையும் இரண்டு மேசைக்கரண்டி அளவு டீசலும் ஓட்டோ கியர் எண்ணெயும் (ATF) சரிபாதி கலந்து விடுங்கோ. நாலைஞ்சு நாள் ஊறட்டும், குறைஞ்சா இன்னும் விடுங்கோ. அதுக்கிடையில றொக்கர் மூடியைத் திறந்து வால்வுகளை ஒவ்வொண்டா மேலால அமத்திப் பாருங்கோ. இறங்கித் திரும்ப வரவேணும். ஒட்டிக்கொண்ட வால்வோடை எஞ்சினைச் சுத்தினா புஷ் றொட் வளையும்.

பேந்து முன்னால ஓட்டையில கைப்பிடி போட்டு, முன்னுக்கும் பின்னுக்குமா மெல்ல ஆட்டுங்கோ. பைப் செருகி நீட்டிப் பலம் குடுக்காதேங்கோ, பிஸ்ரன் றிங் உடையும். சுத்தத் தொடங்கினா உடனே ஸ்ராட் பண்ண ஆசை வரும். வேண்டாம். எக்ஸ்பிஏஜி எஞ்சினின்ர எண்ணெய்ப் பம்ப் வெளிப்பக்கத்தில, எண்ணெய் மட்டத்துக்கு மேலை நிக்குது. கனநாள் நிண்டா பம்ப் வத்திப்போகும், பிறகு உறிஞ்சாது. பம்பில இருக்கிற அடைப்பு மூடியைக் கழட்டி புது எண்ணெய் நிரப்பி, பிளக் இல்லாமல் கைப்பிடியால சுத்தி, பிறஷர் மானி ஊசி அசையிறதைக் கண்டபிறகுதான் பெற்றோல். இதைத் தவறவிட்டா நல்ல எஞ்சினின்ர பெயறிங் ஒரு நிமிசத்தில போகும்.

சிலிண்டர் அமுக்கம் (கொம்பிறஷன்) பார்க்கேக்கை ஒரு விசயம். 1990களில இஞ்சை பெற்றோல் தடை இருந்த காலம் எல்லாருக்கும் தெரியும். துளிப் பெற்றோலில ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடின எஞ்சின்களில றிங் கரிபிடிச்சு ஒட்டியிருக்கும், எரியாத மண்ணெண்ணெய் சுவரைக் கழுவி இறங்கி எண்ணெயைத் தண்ணியாக்கியிருக்கும், எக்ஸோஸ் வால்வு விளிம்பு தின்னுப்பட்டிருக்கும். ரீடியின்ர அமுக்க விகிதம் 7.25தான், அதால தாங்கியிருக்கக்கூடும். நாலு சிலிண்டரும் பத்து வீதத்துக்குள்ளை ஒத்திருந்தா நல்லது. ஒண்டு மட்டும் விழுந்திருந்தா அதுக்குள்ளை ஒரு கரண்டி எண்ணெய் விட்டுத் திருப்பிப் பாருங்கோ. ஏறினா றிங், ஏறாட்டி வால்வு.

அரைப்பட்டை

இவ்வளவு பாடு ஏன்? பழைய நிசான் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் போட்டா ஓடுற காரா விற்கலாம். மொறிஸ் மைனருக்கு எத்தினைபேர் போட்டிருக்கினம். புகைப் பரிசோதனையும் லேசாப் பாஸ்.

இணுவில்_ஸ்பானர்

அரைப்பட்டை, தினம் ஓடுற மைனருக்கு அது நியாயமா இருக்கலாம். ரீடிக்கு அதைச் செய்தா விற்பனையே முடிஞ்சுது. எஞ்சின் இலக்கம் புத்தகத்தோடை பொருந்தாது, மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில பதியவேணும், எஞ்சின் பிடிக்கச் சேஸியில வெட்டு வரும், அந்த வெட்டைப் பிறகு ஒருத்தராலும் மறைக்கேலாது. இந்தக் காரை வாங்கிறவர் 1,250 சிசி எக்ஸ்பிஏஜிக்குத்தான் காசு குடுக்கிறார். எஞ்சின் வெடிச்சே இருந்தாலும் வெடிச்ச பிளாக்கைக் காரோடை சேர்த்து விற்கவேணும். வுல்ஸ்லி 4/44க்கும் இதே குடும்ப எஞ்சின்தான் வந்தது, உதிரிக்கு அந்த வழியும் இருக்கு.

பருத்தித்துறைக்காரர் சொன்னதோடை ஒரு எச்சரிக்கையும் சேர்க்கவேணும், இது இஞ்சை எல்லாக் கராச்சிலயும் நடக்கிற பிழை. எக்ஸ்பிஏஜியில பிரித்தானிய விட்வேர்த் (பழைய அங்குல அளவு) தலை இருக்கிற ஆணிக்கு மெட்ரிக் புரி (திருகு வெட்டு). 8 மில்லிமீற்றர், புரி இடைவெளி 1.0. ஸ்ரான்லி வீதிக் கடையில 8 மில்லி ஆணி கேட்டா 1.25 இடைவெளிதான் தருவினம். மைனரின்ர 5/16 யூஎன்எஃப் (UNF, அங்குல அளவு நுண்புரி) ஆணி இன்னும் மோசம், இரண்டு மூண்டு சுற்று அழகாப் போகும், பிறகு இறுகும், "துரு" எண்டு நினைச்சு ஸ்பானரைப் போட்டு இழுத்தா பிளாக்கின்ர புரி போச்சு. சேஸியிலயோ பிஎஸ்எஃப் (BSF, பிரித்தானிய நுண்புரி) புரி, அது வேறை கதை. கழட்டின ஆணி அதே ஓட்டைக்கே திரும்பப் போகவேணும், புதுசு வாங்கவேண்டாம்.

சுன்னாகம்_றேடியேற்றர்

தண்ணிப் பக்கத்தை ஒருத்தரும் சொல்லேல்லை. எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுத் தண்ணி. கேத்திலில படியிற அதே வெள்ளைக் கல்லு பிளாக்குக்குள்ளையும் படியும், பின் சிலிண்டரைச் சுத்தித்தான் ஆகக் கூட. பிளாக்கின்ர பக்கத்தில இருக்கிற வடிகுழாயைத் திறவுங்கோ. ஒண்டும் வராட்டி கம்பியால குத்துங்கோ, கட்டிச் சேறு வந்தா உள்ளை நிலைமை விளங்கும். கழுவிறதெண்டா சிற்றிக் அசிட் கரைச்ச இளஞ்சூட்டுத் தண்ணி, பிறகு மழைத்தண்ணியால கழுவல். பிளாக்கின்ர அடைப்பு மூடிகள் இறுகியிருந்தா விட்டிடுங்கோ. பித்தளை றேடியேற்றரைப் பழைய தகடு எண்டு எறிஞ்சிடாதேங்கோ, அந்தக் கூட்டோடை அது தனிப் பெறுமதி.

வடமராட்சி_வெயில்

எல்லாருக்கும் நன்றி. பார்த்து எழுதுறன். சேஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்தோடை பொருந்துது. எண்ணெய் விட்டு ஊறவைச்ச பிறகு கைப்பிடியால எஞ்சின் முழுச் சுற்றுச் சுத்துது. வால்வு எல்லாம் இறங்கி ஏறுது. இடப்பக்கப் பின் தூணின்ர அடி உக்கல், அடிச்சட்டம் இடப்பக்கம் கடைசி ஒண்டரை அடி மெத்து மெத்தெண்டு இருக்கு, வலப்பக்கம் கெட்டி. பற்றறியைப் பற்றி ஒரு கேள்வி: பொசிற்றிவ் வயர்தான் சேஸியில பூட்டியிருக்கு, ஆரும் மாறிப் பூட்டினவையோ?

ஆறு_அம்பியர்

மாறேல்லை, ரீடி பிறந்ததே பொசிற்றிவ் ஏர்த்தோடை. அதை மாத்தவேண்டாம், ஆனா விளம்பரத்தில பெரிய எழுத்தில எழுதுங்கோ, காரிலயும் ஒரு அட்டை கட்டுங்கோ. பார்க்க வாறவர் வழமைபோல நெகற்றிவைச் சேஸிக்குக் குடுத்தா டைனமோவும் றெகுலேற்றரும் சண்டை பிடிக்கும்.

விற்கிறதுக்கு முழு வயறிங்கும் வேலை செய்யவேணும் எண்டில்லை. அந்தக் காலத்து வயர் துணி சுத்தின றப்பர், றப்பர் காய்ஞ்சு நொருங்கும். பற்றறி குடுக்கேக்கை நேரா வயறிங்குக்குக் குடுக்காதேங்கோ, இடையில ஒரு 12 வோல்ட் பல்ப்பைத் தொடரா வையுங்கோ. எல்லா சுவிச்சும் அணைஞ்சிருக்க பல்ப் பிரகாசமா எரிஞ்சா எங்கையோ ஷோட். பெற்றோல் மானி இல்லையெண்டு தேடவேண்டாம், ரீடிக்கு அது இல்லை, ராங்க் குறைஞ்சா எரியிற பச்சை லைற் மட்டும். ஜேகர் (Jaeger) கம்பனி மானிகளைக் கழட்டித் துடைக்காதேங்கோ, முகத்தில இருக்கிற எழுத்து ஈரத்துணியோடை வந்திடும்.

பருத்தித்துறை_பெற்றோல்

எஞ்சின் சுத்துது எண்டா இனி நான் சொல்லுறதைச் செய்யுங்கோ: எண்ணெய்ப் பிறஷரும் அமுக்கமும் வீடியோவில எடுங்கோ. ஸ்ராட் பண்ணிக் காட்டவேணும் எண்டு நான் முதல் நினைச்சன், ஆனா ஒரு காபரேற்றர் இல்லாமல் அது சரிவராது. இரண்டும் எஸ்யூ (SU) கம்பனியின்ர எச்2 வகை, ஒண்டேகால் அங்குலம். 948 சிசி மொறிஸ் மைனரில இருந்து அதே அளவு ஒண்டு எடுக்கலாம் எண்டு ஆராவது வருவினம். மிதவைக் கிண்ணத்தின்ர பக்கமும் சாய்வும் வேறை, ஊசி வேறை, ரீடிக்கு ஈஎஸ் ஊசி. சோடி சேராத இரண்டைப் போட்டு இருமி இருமி ஓடுற எஞ்சினைக் காட்டிறதைவிட, சுத்திற எஞ்சினையும் நாலு அமுக்க எண்ணையும் காட்டிறது மேல். இருக்கிற காபரேற்றரின்ர மூடியையும் பிஸ்ரனையும் பிரிச்சு வேறை ஒண்டோடை கலக்காதேங்கோ, அவை ஒண்டுக்கொண்டு அளவெடுத்துச் செய்தவை.

இணுவில்_ஸ்பானர்

இதில எனக்கும் உங்களுக்கும் இப்ப வேறுபாடு இல்லை.

கச்சேரியடி

கடதாசி சரியில்லாட்டி மேலை சொன்ன எல்லாம் வீண். அப்பப்பா பேரில இருக்கிற காரை நீங்கள் விற்கேலாது. கையெழுத்துப்போட உரிமை உள்ளவர் ஆர் எண்டதை முதல் சட்டத்தரணியோடை முடிவெடுங்கோ. உரித்தாளர் வெளிநாட்டில இருந்தா அவையின்ர எழுத்துச் சம்மதம் வேணும், மாவட்ட நீதிமன்றத்தில நிர்வாகக் கடிதம் (இறந்தவரின்ர சொத்தை நிர்வகிக்கிற அதிகாரம்) எடுக்கவேண்டி வரலாம். காணிக்குச் செய்யிற அதே கவனம் இதுக்கும்.

தரகர் சொல்லுற திறந்த பேப்பர், அதாவது வாங்கிறவர் பேர் இல்லாமல் மாற்றப் படிவத்தில கையெழுத்து, தயவுசெய்து போடாதேங்கோ. கார் பத்துக் கைமாறும், பதிவில உங்கட குடும்பப் பேர்தான் நிக்கும், விபத்தோ வழக்கோ வந்தா உங்கட கதவைத்தான் தட்டுவினம். எம்டிஏ 6 எண்ட அந்த உரிமை மாற்றப் படிவத்தில வாங்கிறவர் பேர், அடையாள அட்டை இலக்கம், திகதி எல்லாம் நிரப்பின பிறகு கையெழுத்து, ஒரு பிரதி உங்களிட்டை. வருமான அனுமதிப்பத்திரம் (வருசாவருசம் எடுக்கிற வாகன லைசன்ஸ்) எத்தினை வருசம் விட்டுப்போச்சு எண்டதைப் பிரதேச செயலகத்தில கேட்டு, நிலுவை ஆர் கட்டிறது எண்டதை விலை பேசேக்கையே பேசுங்கோ. ஆங்கில எழுத்து இலக்கத் தகடு இருந்தா அதைக் கழட்டி வீட்டுக்குள்ள வையுங்கோ, களவு போற பொருள்.

வெளிநாட்டுக்காரர் கேட்டா, ஏற்றுமதிக்கு அனுமதி வேணுமோ எண்டதை இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தில கேட்ட பிறகுதான் முற்பணம் வாங்கிறது.

இணுவில்_ஸ்பானர்

விளம்பரத்தை இப்படி எழுதுங்கோ, பிடிச்ச மாதிரி மாத்தலாம்:

"1952 எம்ஜி ரீடி. வலப்பக்க ஸ்டியரிங். சேஸி, எஞ்சின் இலக்கங்கள் பதிவுப் புத்தகத்தோடு பொருந்தும். எஞ்சின் கையால் முழுச்சுற்றுச் சுற்றுகிறது, ஸ்ராட் பண்ணவில்லை. ஒரு எஸ்யூ காபரேற்றர், இரண்டு பக்கத் திரை இல்லை. கூட் சட்டம் உண்டு, துணி இல்லை. இடப் பின் தூணும் இடப்பக்க அடிச்சட்டத்தின் பின் ஒன்றரை அடியும் உக்கல், வலப்பக்கம் உறுதி. பிறேக் வேலை செய்யாது. பொசிற்றிவ் ஏர்த். உரித்துப் பத்திரங்கள் தயார்."

படங்கள் வேணும்: வெயில் சரிஞ்ச நேரத்தில நாலு மூலை, இரண்டு இலக்கத் தகடு, கீழை படுத்து எடுத்த சேஸி, உக்கின மரம் கிட்டவா, மானிகள், ஒரு பாயில பரப்பின கழண்ட சாமான் எல்லாம். உக்கலை முதலே காட்டினா வாறவர் அதைச் சாட்டி விலை குறைக்கேலாது. பிறஷர் வோஷ் பண்ணாதேங்கோ, தண்ணி தகரத்துக்கும் மரத்துக்கும் இடையில போய் நிக்கும்.

விலைக்கு ஒரு வழி: இதே மாதிரி ஓடுற, மரம் நல்ல ரீடி ஒண்டு கொழும்பில என்ன கேக்கினம் எண்டு எடுங்கோ. அதிலயிருந்து மரவேலை, கூட்டும் குஷனும், காபரேற்றர், பிறேக் முழுக்க, ரயர், வயறிங், இவற்றின்ர கூலியும் வெளியிலயிருந்து வாற உதிரியின்ர வரியும் கழியுங்கோ. உதிரி விலையை மொஸ் (Moss, பழைய பிரித்தானியக் கார் உதிரி விற்கிற கம்பனி) பட்டியலில பார்க்கலாம், ரீடிக்கு அநேகமா எல்லாம் புதுசா வருது. அதுக்கும் கீழை வாங்கிறவர் தன்ர துணிவுக்கு ஒரு பங்கு கேட்பார், அது நியாயம். தரகர் சொன்ன தொகையை இந்தக் கணக்கோடை ஒப்பிட்டுப் பாருங்கோ.

வடமராட்சி_வெயில்

சட்டத்தரணியிட்டை போறம். ஒரு கடைசிக் கேள்வி அண்ணை. பார்க்க வாறவர் தள்ளி, இழுத்துப் பார்க்கக் கேட்டா விடலாமோ? கார் போகேக்கை எப்படி ஏத்திறது?

இணுவில்_ஸ்பானர்

தள்ளலாம், கயிறு கட்டி இழுத்து ஸ்ராட் பண்ண விடவேண்டாம். கனநாள் நிண்ட காரில கிளச் தட்டு பறவைச் சில்லோடை (ஃபிளைவீல்) துருவால ஒட்டியிருக்கும். ரீடியின்ர பின் அச்சுத் தண்டு அப்படியான இழுவைக்கு முறியிற சாமான். கியர் நடுநிலையில, ஒருத்தர் சக்கரத்துக்கு மரக்கட்டையோடை கூட நடக்கவேணும், பிறேக் இல்லை எண்டதை மறக்காதேங்கோ. சக்கரம் சுத்தாட்டி பிறேக் சப்பாத்து டிறம்மில ஒட்டியிருக்கும், டிறம்மின்ர ஓரத்தில மரச்சுத்தியலால தட்டினா விடும்.

ஏத்திறது தட்டுலொறியிலதான். கட்டு சேஸியிலயும் அச்சிலயும் மட்டும், மட்காட்டுக்கும் உடம்புக்கும் மேலால பட்டி போடாதேங்கோ, உக்கின தூண் அந்த அமுக்கத்திலயே விலகும். இடக்கதவை ஏத்தமுதல் கழட்டி, துணி சுத்தி, ஸ்குறூக்களை ஒரு பையில போட்டு அதிலயே கட்டிவிடுங்கோ. காசு வங்கியில விழுந்ததைக் கண்ட பிறகு லொறியை வரச்சொல்லுங்கோ.